பத்து மீட்டருக்குள் சகலை

என் வீட்டு மேசையின் வலது மூலையில் நீல நிறச் சோப்பு டப்பா ஒன்று இருக்கிறது. மூடியில் ஒரு கீறல். ஓரத்தில் காய்ந்த வயல் மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே சோப்பு கிடையாது. பழைய கைக்கடிகாரத்தின் தோல்பட்டை ஒன்றில், இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சென்சார் ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நாடித் துடிப்பை எண்ணி, கம்பி இல்லாமல் பக்கத்தில் இருக்கும் போனுக்குச் சொல்லும். நான் செய்தது. செய்தது என்றால், அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியவன் நான். சாலிடர் வைத்தவர், சிப் தயாரித்தவர், பட்டை தைத்த செருப்புக் கடைக்காரர் எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆகவே அதில் உள்ள தப்புகள் அத்தனையும் என்னுடையவை.

போன மாதம் அண்ணி வலங்கைமானிலிருந்து பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்து இந்த டப்பாவை என் முன்னால் வைத்தார். அண்ணி என்பது என் மனைவியின் அக்கா. கணவரை இழந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"பீரோவுல துணிக்கு அடியில இருந்துச்சு தம்பி. கையில கட்டியிருக்கறப்ப துடிக்கிறதெல்லாம் இது எழுதி வச்சுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அவரு கடைசியா துடிச்சதும் இதுல இருக்குமில்ல? எனக்கு அதைப் பாக்கணும்."

நான், "காபி குடிக்கிறீங்களா அண்ணி?" என்றேன். பயம் வந்தால் எனக்குக் காபி, தமாஷ் இரண்டும்தான் வரும்.

அவர் என்பது என் சகலை. அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவருக்குள் உள்ள இந்த உறவைப்போலச் சௌகரியமானது வேறில்லை. அண்ணன் தம்பிக்கு வரப்புத் தகராறு உண்டு. மாமன் மச்சானுக்குச் சீர்வரிசைத் தகராறு உண்டு. சகலைகள் அடித்துக்கொள்ள உலகத்தில் ஒன்றுமே கிடையாது. ஒரே மாமனாரிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பேர், அவ்வளவுதான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வலங்கைமான் பக்கம் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குமேல், நிலம் வைத்துச் சாகுபடி செய்தவர். அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, மீசையைத் தடவி, கடைசியில் ஒரே ஒரு வரி சொல்வார். நான் அரைமணி நேரம் கட்டிய கோபுரம் அந்த ஒரு வரியில் சரிந்துவிடும்.

ஏழு பேர் வேலை பார்க்கும் எங்கள் சின்ன ஆபீஸுக்கு இந்த சென்சார் வேலை வந்தபோது, கட்டிப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நாங்கள் ஏழு பேரும் காலை முதல் மாலை வரை நாற்காலியில் இருப்பவர்கள். எங்கள் நாடி டிப்போவில் நிற்கும் பஸ் மாதிரி. எண்ணி என்ன பயன்? என்னுடையது மட்டும் விதிவிலக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூற்றிப் பத்து. சோதனைக்கு அது சரிப்படாது என்று மற்ற ஆறு பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். வெயிலில், சேற்றில், உடம்பை வளைத்து வேலை செய்கிற ஒரு ஆள் வேண்டும். சகலையிடம் போய்க் கேட்டேன்.

"குளிக்கறப்ப தவிர கழட்டவே கூடாது சகல."

"தாலி மாதிரி."

"பேட்டரி எவ்வளவு நாள் தாங்குதுன்னும் பாக்கணும்."

"அப்ப என்னையும் சேத்துப் பாருங்க, நான் எவ்வளவு நாள் தாங்குறேன்னு" என்று கையை நீட்டினார்.

இந்த மாதிரி வேலையில் சிப்பை வேலை செய்ய வைப்பது சுலபம். தூங்க வைப்பதுதான் கஷ்டம். உள்ளே இருப்பது சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு பேட்டரி. மாதக் கணக்கில் அது தாங்க வேண்டுமானால், சிப் கண் விழிக்க வேண்டும், பச்சை விளக்கை ஒரு கணம் தோலுக்குள் அடிக்க வேண்டும், ரத்தம் பாய்ந்து வரும்போது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், உடனே மறுபடி தூங்கிவிட வேண்டும். நொடிக்குப் பல தரம் இப்படி விழித்துத் தூங்கும். தோலைத் தொடாமல் கழற்றி வைத்தால் இன்னும் ஆழ்ந்து தூங்கும். நொடிக்கு ஒருமுறை மட்டும் எழுந்து, பத்து மீட்டருக்குள் இருக்கும் போன்களுக்குக் கேட்கிற மாதிரித் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ஆபீஸில் ஒரே மாதிரி எட்டு சர்க்யூட் பலகைகள் கிடந்ததால் எதுவும் மாறிவிடக் கூடாது என்று இதற்கு 'சகலை' என்றே பெயர் வைத்தேன்.

ஆனி மாதம். குறுவைக்குத் தண்ணீர் வந்து சேறடித்துக்கொண்டிருந்த நேரம். சகலையின் போன் வழியாக என் கம்ப்யூட்டர் திரைக்கு எண்கள் வந்துகொண்டிருந்தன. எழுபத்தி நான்கு, எழுபத்தி எட்டு, எண்பத்தி ஒன்று. ராஜா வீட்டுக் குதிரைபோல நல்ல நடை. பத்தரை மணிக்குத் திடீரென்று நூற்றித் தொண்ணூறு. நான் எழுந்து நின்றேன். நூற்றித் தொண்ணூறு. மூன்று நிமிஷம் ஆகியும் அதே நூற்றித் தொண்ணூறு. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. பதினேழு தரம் அடித்தேன்; எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்து, வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அழுதுகொண்டே வழி சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஹெல்மெட் போட்ட ஞாபகம் இருக்கிறது. அது என்னுடையது அல்ல என்பது அம்மாப்பேட்டை தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வரப்போரம் நின்றது. சகலை முழங்கால் சேற்றில், பவர் டில்லரின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி வயலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அந்த இயந்திரத்தின் அதிர்வு கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்கு ஏறி, என் மேதாவி புரோகிராம் அதையே நாடி என்று எண்ணியிருக்கிறது. எஞ்சினுக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல ஆரோக்கியம். ஆம்புலன்ஸில் வந்த பெண் பார்த்தது என் கையைத்தான்.

"நூத்தி நாப்பது இருக்கு. படுக்க வேண்டியவர் நீங்கதான் சார்."

சகலை டில்லரை அணைத்துவிட்டு வரப்பேறி வந்தார். "என்ன சகல, உங்க மிஷினு செத்துப்போச்சா, நான் செத்துட்டேனா? சாவு சேதிய எனக்கே கொண்டாந்திருக்கீங்க" என்றார். பிறகு என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தூக்குவாளியிலிருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்து, என் நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். அன்று நடவாட்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அந்த வயலில் முளைத்துக்கொண்டிருக்கும். என் மனைவி இதைச் சொல்லாத உறவினர் பாக்கியில்லை. "இவருக்குப் பயம் வந்தா பக்கத்து வீட்டுக்கும் சேத்து வரும்."

அன்றைக்கு எனக்கு ஒரு தொழில் உண்மை தெரிந்தது. நல்ல இதயம் ஒருபோதும் ஒரே சீராகத் துடிக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இம்மி முன்பின் இருந்துகொண்டே இருக்கும். அச்சுப்போல ஒரே எண் வந்தால் அது மனுஷன் இல்லை, மோட்டார். அதைப் புரோகிராமில் சேர்த்தேன். அதன்பிறகு டில்லர், தண்ணீர் இறைக்கும் எஞ்சின், டவுன் பஸ் ஜன்னல் எதுவும் அதை ஏமாற்ற முடியவில்லை. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

ஆடிப்பெருக்குக்கு மாமனார் வீட்டில் கூடினோம். குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். பெண்கள் ஆற்றுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் கதையை மச்சினன் மறுபடி எடுத்தான். என் மானத்தை மீட்க லேப்டாப்பைத் திறந்து, புதுப் புரோகிராம் எவ்வளவு சுத்தமாக எண்ணுகிறது பாருங்கள் என்று, அந்த வாரம் முழுக்கப் பதிவான சகலையின் நாடி வரைபடத்தைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு விசித்திரம் இருந்தது. கோடு ஒரு படி ஏறி நிற்கிறது. இன்னொரு படி ஏறி நிற்கிறது. இன்னொன்று. நான்கு படி ஏறி, பிறகு மெல்லச் சரிந்து இறங்குகிறது.

என் வாய் சும்மா இருக்குமா? "செவ்வாக்கெழம காலைல சகலையோட நெஞ்சு நின்னு நின்னு படியேறிருக்கு. யாரு வீட்டு மாடி சகல அது?"

கூடம் அதிர்ந்தது. மாமனாரே சிரித்தார். அண்ணி கரண்டியோடு வந்து, "அன்னிக்கு யூரியா வாங்கப் போறேன்னுதானே போனீங்க?" என்றார்.

"மூட்டைய கடைக்காரன் மாடிலதான் அடுக்கிருந்தான்" என்றார் சகலை. அவரும் சிரித்தார். ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த ஒரு நொடியை விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றங்கரைக்கு நடந்தோம். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. காதோலையும் கருகமணியும் வைத்து விட்ட சின்னத் தட்டுகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சகல, கோவம்லாம் இல்ல. ஆனா இது எழுதுறது என் நெஞ்ச. நீங்க எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டுறீங்க."

"சும்மா தமாஷுக்கு..."

"தெரியும். இருக்கறதை அழிச்சிருங்க. இனிமே இது உள்ளுக்குள்ளயே எழுதிக்கட்டும், யாருக்கும் அனுப்ப வேணாம். பேட்டரி மாத்துற ஒவ்வொரு தடவையும் பழசு போயிரணும். என்ன துடிக்குதுன்னு அப்பப்ப எனக்கு மட்டும் போன்ல தெரிஞ்சா போதும். செய்வீங்களா?"

"சத்தியமா சகல."

"உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா?" என்று தோளில் தட்டினார். நியாயமான சந்தேகம். அவர் வீட்டு டிவி ரிமோட்டைச் சரிபண்ணித் தருவதாக நான் வாங்கி வந்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வாரமே பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பத்து நாளில் புது பேட்டரி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சம்பா அறுப்பு வரைக்கும் இது தாங்குகிறதா பார்க்கலாம் என்று பேச்சு.

பேட்டரி தாங்கியது. தை மாதக் கடைசியில், நெல் கொள்முதல் நிலையத்தில், காய வைத்த குவியலுக்குப் பக்கத்தில், அடுக்கிய சாக்குகளின் மேல் காலை வெயிலில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஈரப்பதம் பார்க்க அவர் முறை வந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. கையில் பட்டை இருந்தது. யாரோ கழற்றி அண்ணியிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் போன் வந்தபோது நான் நம்பவில்லை; டில்லராக இருக்கும் என்றுதான் மனம் முதலில் சொல்லிற்று. இப்படிக்கூட ஒருவனுக்குத் தோன்றுமா என்றால், தோன்றியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நிலத்துக் காகிதங்களைத் தேடும்போது, சிட்டா அடங்கல் நகல்களுக்கு நடுவே ஒரு ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் தேதி. ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு நெஞ்சைப் பார்க்கும் சோதனை. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். நாடி ஒரு படி ஏறும். மறுபடி கூட்டுவார்கள்; இன்னொரு படி. காகிதத்தில் நான்கு படி இருந்தது. உடனே சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. அதன் ஓரத்தில் சகலையின் கையெழுத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தை: 'அறுப்பு முடியட்டும்.'

அந்தப் படிகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். எண்ணியும் இருக்கிறேன். டில்லர் ஓடியதற்கு ஆம்புலன்ஸை அழைத்தவன், இதற்கு மாடி ஜோக் அடித்தேன். பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் என் பயம் லீவு போட்டுவிட்டது. அவர் அடிக்கடி அந்த எண்ணைப் போனில் பார்த்துக்கொண்டதைக்கூட, என் புரோகிராம் மேல் உள்ள அபிமானம் என்றல்லவா நினைத்திருந்தேன். இதை அண்ணியிடம் அன்றே சொன்னேன். அண்ணி ஃபைலை மூடி வைத்துவிட்டு, "நானும்தானே சிரிச்சேன்" என்றார்.

போன மாதத்துக்கு வருகிறேன். காபி குடித்தாகிவிட்டது. டப்பா நடுவில் இருந்தது. அண்ணிக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும், ஆனால் எழுதியது அழியாது. பேட்டரி இல்லாமலும் பதிவு உள்ளே அப்படியே கிடக்கும். அதைப் படிக்க வேண்டுமென்றால் புது பேட்டரி போட வேண்டும். சகலைக்குக் கொடுத்த வாக்குப்படி நான் புரோகிராம் எழுதியிருந்தால், புது பேட்டரி போட்ட உடனே அது செய்யும் முதல் வேலை, பழசையெல்லாம் அழிப்பது.

"எழுதியிருந்தாங்கறீங்களே, எழுதலையா?"

"எழுதினேனா இல்லையான்னு தெரியல அண்ணி."

அதுதான் சங்கதி. என் கம்ப்யூட்டரில் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று அந்தப் புரோகிராமின் நான்கு பிரதிகள் இருந்தன. இரண்டில் அழிக்கும் வரிகள் உண்டு, இரண்டில் இல்லை. கம்ப்யூட்டர் மாற்றியபோது தேதிகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. எதைச் சகலையின் சிப்பில் ஏற்றினேன் என்று நினைவில்லை. சிப்பைப் பூட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. பூட்டிய சிப்பில் கேபிளைச் செருகித் திறக்கப் பார்த்தால் மொத்தமும் காலி. பல வருஷம் இந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடம் அப்போதே போன் போட்டுக் கேட்டேன். வேறு வழியில்லை என்றார்கள். ஆகவே நான் சொன்ன சொல் தவறாதவனாக இருந்திருந்தால், சகலை போய்விடுவார். வழக்கம்போல இழுத்தடித்து, அவரை ஏமாற்றியிருந்தால், இருப்பார். ஏமாற்றியிருக்க வேண்டுமே என்று என் ஆயுளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன்.

"வேணாம் அண்ணி. இப்படியே இருக்கட்டும். உள்ள இருக்குன்னாவது இருக்கும்" என்றேன்.

அண்ணி பட்டையை எடுத்துத் தன் புடவைத் தலைப்பில் துடைத்தார். "நீங்க பயப்படுவீங்கன்னு தெரிஞ்சுதான் தம்பி நானே வந்தேன். ஒன்னர வருஷமா பீரோவைத் தொறக்கறப்பல்லாம் இருக்கா இல்லையான்னு யோசிக்கிறேன். போடுங்க."

பேட்டரி போட்டதும் பச்சை விளக்கு சிமிட்டும்படி எழுதியிருந்தேன். அழிக்காமல் கிளம்பினால் ஒரு தரம். அழித்துவிட்டுக் கிளம்பினால் மூன்று தரம். அதையும் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பேட்டரியை உள்ளே தள்ளினேன்.

ஒன்று சிமிட்டியது. என் நாடி எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இரண்டு. மூன்று.

"மூணு நல்லதா, கெட்டதா?" என்றார் அண்ணி.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் அண்ணி."

அவர் என்னையே பார்த்தார். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவ. அதுவும் இதுல போயா காப்பாத்தணும்?" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் நானும் அதே இடத்தில்தான் இருந்தேன். கொஞ்சநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு நிம்மதியா இருக்கும். உங்க சத்தியத்தை நம்பவே இல்ல அவரு" என்றார்.

அப்போது மேசைமேல் இருந்த என் போன் கிர்ரென்றது. பழைய நினைவு அதற்கும் இருந்திருக்கிறது. திரையில் ஒரு வரி: 'சகலை அருகில் உள்ளது. இணைக்கவா?'

அண்ணி எழுத்துக்கூட்டுவதுபோல அதை மெதுவாக இரண்டுமுறை படித்தார். கிளம்பும்போது டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும் தம்பி. எங்க வீட்டுல இருந்தா நான் வேல பாக்க மாட்டேன், இதையே பாத்துட்டு ஒக்காந்துருப்பேன். நான் வர்றப்ப காட்டுங்க."

நான் எந்தத் தோலிலும் அதைக் கட்டவில்லை. ஆகவே அது எதையும் எண்ணாமல், எதையும் எழுதாமல், நீல டப்பாவுக்குள் தூங்குகிறது. நொடிக்கு ஒருமுறை எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. ஒரு பேட்டரிக்கு ஒரு வருஷம் இப்படிச் சொல்லும் என்பது என் மதிப்பீடு. என் மதிப்பீடுகளின் லட்சணம் உங்களுக்கே தெரியும், அதனால் மேசை இழுப்பறையில் நான்கு பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

காலையில் ஆபீஸுக்குப் போகும்போது ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். ஒரு கையில் போன். வாசலில் பெயர் இருக்கிறது. கேட்டைத் தாண்டினாலும் இருக்கிறது. எதிர்வீட்டு முருங்கை மரத்தை நெருங்கும்போது மங்கி, மரத்தடியில் இல்லாமல் போகிறது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். பெட்ரோல் இல்லையா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்து, வண்டியோடு ஒரு அடி பின்னால் வருகிறேன்.

சகலை அருகில் உள்ளது. இணைக்கவா?